வேகமும் சமரசமும்

2025 செப்டம்பர் 30-ந் தேதியோடு அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் டயல்-அப் இணைப்பை நிறுத்திக்கொண்டது. இத்தனை நாள் அது நடந்துகொண்டிருந்தது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று மாலை அலமாரியின் கீழ்த்தட்டில், எங்கள் பத்திரிகையின் பழைய இதழ்க் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்த என் மோடத்தை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தேன். தூசு தட்டியதற்கு மேல் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை.

இதைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் நம்மிடையே நீண்ட காலமாகப் புழங்கிவரும் ஒரு வார்த்தையை - ‘சமரசம்’ என்ற வார்த்தையை - நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்பது எந்தப் புத்தகத்தின் மூலமும் எனக்குத் தெரியவரவில்லை. இந்தச் சாமானின் வேகத்தைச் சரிசெய்யப் போய்த்தான் தெரிந்தது. ஆகவே எழுதுகிறேன்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இண்டர்நெட் இணைப்பு 1995 ஆகஸ்டு 15-ல் வந்தது. எனக்கு அது தேவைப்பட நான்கு வருஷம் ஆயிற்று. அந்தத் தேவையும் ஒரே ஒரு மனிதரால் ஏற்பட்டது. 1977-லிருந்து 1983 வரை நானும் அவரும் ஒரு பத்திரிகை நடத்தினோம். இருபத்து மூன்று இதழ்கள் வந்தன. இருபத்து மூன்றாவதோடு பத்திரிகையும் போயிற்று, சிநேகமும் போயிற்று. பதினாறு வருஷம் கழித்து, 1999-ல், நியூ ஜெர்ஸியில் மகன் வீட்டிலிருந்து அவர் ஒரு தபால் எழுதினார். சிறுநீரகம் பழுது, வாரத்தில் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள், படிக்க வேண்டும் போலிருக்கிறது, பழைய இதழ்கள் ஒன்றும் கைவசம் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், முகம் தெரியாத பலர் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். “நம்முடையதைத் தட்டச்சு செய்ய வேண்டாம். பக்கத்தைப் படமாகவே எடுத்து அனுப்பும். அச்சுப் பிழைகளோடு பார்க்க வேண்டும்” என்று எழுதியிருந்தார். பழைய சண்டை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கானர், 56,000 வேகம் என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்த ஒரு மோடம் வாங்கினேன். கடைக்காரரிடம், “கொடுத்த காசுக்கு முழு வேகமும் வேண்டும், குறைவாக வந்தால் எனக்கு வேண்டியதில்லை” என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் வீட்டுக்கு வந்து, மோடத்துக்கான பக்கத்தில் ‘கூடுதல் அமைப்புகள்’ என்று இருக்கும் சிறு கட்டத்தில் ஏதோ எழுதி வைத்துவிட்டுப் போனார். எண்ணைச் சுழற்றி, அந்தக் கீச்சொலிகள் எல்லாம் அடங்கி, திரையின் மூலையில் ‘115,200’ என்று வேகம் காட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெட்டியில் போட்டிருந்ததைவிட இரண்டு பங்கு.

நாலு நிமிஷத்தில் இணைப்பு அறுந்தது. மறுபடி சுழற்றினேன், மூன்று நிமிஷம். பல சமயம் கீச்சொலியோடு சரி, இணைப்பே கிடைக்காது. நாலு பக்கத்தை ஒரு தபாலில் வைத்து அனுப்பினால் மூன்றாவது பக்கத்தில் அறும், திரும்ப முதலிலிருந்து. தொலைபேசி மீட்டர் மட்டும் சிரத்தையாக ஓடிக்கொண்டிருந்தது. மேற்கு மாம்பலத்தில் மழைக்காலம். லைன்மேன் வந்து தெருக்கோடிப் பெட்டியைத் திறந்து ஒரு ஜாயிண்டைப் பிரித்துக் கட்டினார். “பேசறதுக்கு ஒண்ணும் குறை இல்ல சார். நீங்க வேற என்னமோ பண்றீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. ‘லைன் சரியில்லை’ என்று நண்பருக்கு எழுதினேன்.

கீழ் வீட்டில் பாலிடெக்னிக் முடித்த பையன் ஒருவன் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டேன். கடைக்காரர் எழுதியிருந்த வரியைப் பார்த்தான்: ஏ.டி. பிளஸ் எம்.எஸ்., சமக்குறி, பின்னால் 11, 0, 31200, 33600. சிரித்தான்.

“யார் சார் இப்படிப் போட்டது? 31,200-க்குக் கீழே வந்தா பேசவே மாட்டேன்னு சொல்லி வச்சிருக்கு.”

“நான்தான் போடச் சொன்னேன்.”

அவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்க ஆரம்பித்தான். அன்று அவன் சொன்னதையும் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

முதல் விஷயம், வேகம் ஒன்றல்ல, இரண்டு. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த 115,200 என்பது என் கம்ப்யூட்டருக்கும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மோடத்துக்கும் நடுவிலுள்ள இரண்டு முழ வயரில் ஓடும் வேகம். வீட்டுக்கு வெளியே, தெருக்கோடிப் பெட்டி வழியாக மறுமுனைக்குப் போகும் வேகம் வேறு. அதைத் திரை எனக்குக் காட்டவே இல்லை. ‘டபிள்யூ 2’ என்று ஒரு கட்டளையைச் சேர்த்தால்தான் வெளி வேகத்தைச் சொல்லும். அவன் சேர்த்தான். மறு தடவை சுழற்றியபோது 31,200 என்று வந்தது. ஐந்து நிமிஷத்தில் அறுந்தது.

இரண்டாவது, பெட்டியில் போட்டிருந்த 56,000 எனக்குப் பிரயோஜனப்படாத எண். 1998-ல் வந்த வி.90 என்ற அந்த நியதியில், வருவதற்குத்தான் அந்த வேகம். நாம் அனுப்புவதற்கு 33,600-க்கு மேல் கிடையாது. நான் செய்ய வேண்டியிருந்ததோ அனுப்பும் காரியம்.

மூன்றாவது, தொலைபேசிக் கம்பி குரலுக்காக ஏற்பட்டது. சுமார் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டும் அது கடத்தும். அந்தச் சந்துக்குள் எவ்வளவு திணிக்கலாம் என்பதற்கு 1948-லேயே க்ளாட் ஷானன் கணக்குச் சொல்லிவிட்டார். 3,000 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதையில் குரல் இரைச்சலைப் போல ஆயிரம் மடங்கு பலமாக இருந்தால், விநாடிக்கு ஏறக்குறைய 30,000 பிட்கள் பிழையின்றிப் போகலாம். அந்த ஆயிரம் மடங்கு நூறு மடங்காக இறங்கினால் 20,000 அளவுக்கு வந்துவிடும். ஜாயிண்டில் ஈரம் இறங்கினால் நடப்பது இதுதான். பேசுகிற மனிதனுக்கு இது தெரியாது. ஏனென்றால் மனிதன் பேச்சில் பாதி ஊகம். இயந்திரத்துக்கு ஊகம் கிடையாது.

ஆனால் அதற்கு வேறொன்று உண்டு. அந்தக் கீச்சொலிகளை நான் வெறும் சத்தம் என்று நினைத்திருந்தேன். மறுமுனை முதலில் 2,100 ஹெர்ட்ஸில் ஒரு ஒலி எழுப்பி, பேச வந்திருப்பது மனிதனல்ல என்று தெரிவிக்கிறது. பிறகு இரண்டு மோடம்களும், அடி சுருதியிலிருந்து உச்சம் வரை பல சுருதிகளை ஒரே சமயத்தில் கம்பியில் விட்டுப் பார்க்கின்றன. எந்த சுருதி தேய்ந்து வருகிறது, எது இரைச்சலில் மூழ்குகிறது என்று ஒவ்வொன்றும் கவனித்து மற்றதற்குச் சொல்கிறது. அதன்பின் இரண்டும் சேர்ந்து ஒரு வேகத்தை ஒப்புக்கொள்கின்றன. வி.34 நியதியில் அந்த வேகங்கள் 2,400-லிருந்து தொடங்கி 2,400, 2,400-ஆக ஏறும் படிகள். பாதியில் மழை வலுத்தால் ஒரு படி இறங்கிக்கொள்ளும். ஒரு வார்த்தை விஷயம் பரிமாறப்படும் முன்பே, தங்களுக்கு நடுவிலுள்ள பாதை எதைத் தாங்கும் என்று தெரிந்துகொள்ளும் காரியத்தில் அவை அரை நிமிஷத்தைச் செலவிடுகின்றன. 31,200-க்குக் கீழே இறங்காதே என்று சொல்லி, இந்தக் காரியத்தை நான் முடக்கி வைத்திருந்தேன்.

பையன் கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு 11, 1, 4800, 26400 என்று போட்டான். பத்து நிமிஷம் நின்றது. 24,000, இருபது நிமிஷம். 21,600 போட்டான். எஸ்-10 என்ற பதிவேட்டில் 14 இருந்த இடத்தில் 50 எழுதினான். மறுமுனையின் ஒலி மறைந்துவிட்டால் ஒன்றரை விநாடிக்கும் குறைவாகக் காத்துவிட்டு ஃபோனை வைத்துவிடாமல், ஐந்து விநாடி பொறுத்துப் பார்க்கச் சொல்லும் ஏற்பாடு. அன்று இரவு நானாகத் துண்டிக்கும் வரை இணைப்பு அறவில்லை.

“அந்த 115,200-ஐயும் குறைத்துவிடலாமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம் சார். உள்ளே வேகமாவே இருக்கட்டும். அப்பதான் மோடத்துக்கு வேலை காயாது. ரொம்ப சேர்ந்துட்டா கொஞ்சம் நிறுத்துன்னு அதுவே கம்ப்யூட்டருக்குச் சொல்லும். வெளியே போறதைத்தான் குறைக்கணும்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கப் படம் சுமார் 100 கிலோபைட். தபாலில் போகும் உருவத்துக்கு மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு கூடும். 33,600-ல் முப்பத்திரண்டு பக்க இதழ் ஒன்று பதினேழு நிமிஷத்தில் போக வேண்டும். 21,600-ல் இருபத்தாறு நிமிஷம். ஒன்பது நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாதமாக ஒரு இதழைக்கூட நான் அனுப்பியிருக்கவில்லை.

இரவுக்கு ஒரு இதழ் என்று அனுப்பினேன். முதல் இதழ் கிடைத்ததும், அட்டையில் இருந்த மைக் கறை யாருடைய விரல் என்று ஞாபகமிருக்கிறதா என்று கேட்டு எழுதினார். பிறகு திஸ்கி எழுத்தில் நாலைந்து வரிகளாவது தினம் வரும். அப்போது தமிழ் எழுத்துக்குக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு அதை ஒழுங்குபடுத்த முயன்றிருந்தும், ஒருவர் அனுப்பியது மற்றவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிவது சகஜம். நாங்கள் இருவரும் ஒரே எழுத்துருவைப் போட்டுக்கொண்டு சமாளித்தோம். அவருடைய இருபது வரிக் கவிதை ஒன்று 21,600-ல் வந்து சேர கால் விநாடிகூட ஆகாது. 1962-ல் வந்த மோடம்களின் வேகமான 300-ல் என்றால் பதினேழு விநாடி ஆகும். அதாவது, நிதானமாக வாசிப்பவனின் கண் வேகத்திலேயே எழுத்துகளும் வந்துகொண்டிருக்கும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, குறைந்த வேகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதே எனக்குக் குழம்பிப்போயிற்று.

இருபத்திரண்டு இரவுகளில் இருபத்திரண்டு இதழ்கள் போய்விட்டன. இருபத்து மூன்றாவதை நான் அனுப்பவில்லை. ‘மறுபடி மழை, லைன் சரியில்லை’ என்று எழுதினேன். 21,600-ல், ஒரு தடங்கலும் இல்லாமல், அந்தப் பொய் போய்ச் சேர்ந்தது.

அந்த இதழில்தான் அவருடைய கவிதைத் தொகுப்பைப் பற்றிய என் கட்டுரை இருந்தது. பன்னிரண்டு பக்கம். அவருக்குக் காட்டாமலே அச்சுக்குக் கொடுத்தேன். ஆசிரியர்களில் ஒருவரைப் பற்றி மற்றவர் தயவுதாட்சண்யம் இல்லாமல் எழுதுவதுதான் எங்கள் பத்திரிகையின் நாணயத்துக்கு அத்தாட்சி என்று நான் உண்மையாகவே நம்பினேன். வியாபாரப் பத்திரிகைகளின் முதுகு சொறிதலைப் பார்த்துச் சலித்து வெளியே வந்தவர்கள் நாம். சமரசம் என்ற வார்த்தை நம்மிடையே வசைக்கு அடுத்தபடி. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் அது சமரசம் என்று நினைத்தோம். மறுமுனையில் இருப்பவன் அறுந்துபோனால், தாங்க முடியாதவன், தரமில்லாதவன் என்று முடிவு கட்டினோம். நடுவிலுள்ள பாதையில் ஏதாவது இருக்கலாம் என்று ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த வருஷம் அவருடைய மனைவி இறந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும், கலை வேறு வாழ்க்கை வேறு என்று சொல்லிக்கொண்டேன்.

என் கட்டுரையின் தீர்ப்பு தவறு என்று இப்போதும் நான் சொல்ல வரவில்லை. அந்தத் தொகுப்பில் பாதிக் கவிதைகள் பலவீனமானவை. அதை மழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் என் கட்சி அல்ல. மோடத்திடம் நான் கவனித்தது இதற்கு நேர் எதிரானது. 33,600-லிருந்து 21,600-க்கு இறங்கும் மோடம் அனுப்ப வேண்டியதில் ஒரு பிட்டைக்கூட மாற்றுவதில்லை, ஒன்றை விழுங்குவதில்லை, ஒன்றைச் சர்க்கரை தடவித் தருவதில்லை. அது குறைப்பது வேகத்தை மட்டும்தான். வியாபாரப் பத்திரிகைக்காரன் குறைத்தது விஷயத்தை. வேகத்தை அவன் ஒருநாளும் குறைத்ததில்லை. இந்த இரண்டு குறைத்தல்களும் ஒன்று என்று எண்ணி, இரண்டையும் சேர்த்து நாம் நிராகரித்தோம். பன்னிரண்டு பக்கத்தையும் முதலில் அவர் கையில் கொடுத்து, ஒரு மாதம் பொறுத்து, திண்ணையில் உட்கார்ந்து ஒரு முறை பேசிவிட்டு அச்சிட்டிருந்தால், அதில் ஒரு வரி மாறியிருக்க வேண்டியதில்லை. உள்ளே எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து வந்தது: “சென்னையில் மழை விட்டுவிட்டதாகப் பத்திரிகையில் படித்தேன். 23 வரவில்லை.”

எனக்குச் சொல்லச் சாக்கு இல்லாமல் போயிற்று. அன்று இரவு ஸ்கானரில் ஒவ்வொரு பக்கமாக வைத்தேன். என் கட்டுரையை எழுத்தெண்ணிப் படிக்கும் கட்டாயம் அப்போதுதான் ஏற்பட்டது. இருபத்தாறு நிமிஷமும் மோடத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை அறுந்தால் நிறுத்திவிடலாம் என்று இருந்தது. அறவில்லை.

ஆறு நாள் பதில் இல்லை. பிறகு இரண்டு வரி வந்தது. “பக்கம் 14, இரண்டாவது பாரா. ‘இக்கவிதைகளின் அடியில் ஓடுவது வாழ்வின் மீதான வெறுப்பு’ என்று இருக்கிறது. நீர் எழுதியது வெறுப்பா, வெறுமையா?”

எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாரா முழுவதும் வெறுமையைப் பற்றித்தான் பேசுகிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும் வெறுப்பு. கம்பாஸிட்டர் என் கையெழுத்தை ஊகித்திருக்கலாம். ஆனால் ப்ரூஃப் பார்த்தவன் நான்தான். மனைவியை இழந்து மூன்று மாதமான மனிதன், தன் கவிதைகளில் வாழ்வின் மீது வெறுப்பு ஓடுகிறது என்று நான் தீர்ப்பளித்ததாகப் பதினாறு வருஷம் மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மோடம்கள் இதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. வி.42 என்ற நியதிப்படி ஒவ்வொரு கட்டுச் செய்தியோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகிறது. வாங்குகிறவன் கூட்டிப் பார்க்கிறான். ஒத்து வரவில்லையென்றால் ‘மறுபடி சொல்’ என்கிறான். சொல்கிறவன் கோபப்படாமல் மறுபடி சொல்கிறான். இரைச்சல் மிகுந்த கம்பியில் அதிக வேகம் வைத்தால் மறுபடி சொல்வதிலேயே நேரம் போய்விடும் என்பதுதான் வேகத்தைக் குறைப்பதற்குக் காரணம். அவர் 1983-ல் கேட்டிருக்கலாம். நான் கேட்க விட்டிருப்பேனா என்பது வேறு.

அச்சுப் பிழை என்று பதில் எழுத உட்கார்ந்தேன். கையெழுத்துப் பிரதி என்னிடம் இல்லை. முப்பத்தைந்து வயதில் அந்த வரியை எழுதிய மனநிலையை வரவழைத்துப் பார்த்தேன். நீளமாக மூன்று பதில்கள் எழுதி அழித்தேன். கடைசியில் எழுதியது: “நினைவில்லை. பிரதியும் இல்லை. பாராவைப் பார்த்தால் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இரண்டையும் எழுதக்கூடியவனாகத்தான் அப்போது இருந்தேன்.”

அனுப்பும் பொத்தானை அழுத்திய மறு கணமே போய்விட்டது. ஒன்பது நாள் கழித்து அவரிடமிருந்து தபால் வந்தது. அதில் என் பதிலைப் பற்றி ஒன்றும் இல்லை. டயாலிஸிஸ் அறையில் எழுதியதாகப் புதிய கவிதை ஒன்று இருந்தது. கீழே, “அபிப்பிராயம் எழுதவும். அவசரமில்லை” என்று போட்டிருந்தார்.

முதல் பகுதி நன்றாக வந்திருந்தது. பின் பகுதியில் ஆறு வரிகள் அனாவசியம். ஒரு வாரம் வைத்திருந்து, அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.